ஒரு ஏக்கர் பெட்ரோல்: கரும்பா, மக்காச்சோளமா, அரிசியா, வெயிலா?

தென்பெண்ணைக் கரையிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். தாத்தா கமலை கட்டி இறைத்த கிணறு நாற்பது அடி. அப்பா காலத்தில் அதே கிணற்றில் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் இறங்கியது, வயலில் கரும்பு ஏறியது. இன்று அந்தக் கிணறு தூர்ந்து கிடக்கிறது. பக்கத்தில் போட்ட ஆழ்துளைக் கிணறு 500 அடியிலிருந்து தண்ணீர் எடுக்கிறது. பயிர் மட்டும் இன்னும் கரும்புதான்.

போன மாதம் சித்தப்பா கேட்டார்: "ஏம்பா, கரும்புச் சாறெல்லாம் பெட்ரோல்ல கலக்குறாங்களாமே. இன்னும் ரெண்டு ஏக்கர் கரணை ஊனட்டுமா? இல்ல மக்காச்சோளத்துக்கு மாறிடட்டுமா? சோலார்காரங்க வேற குத்தகைக்குக் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

அவர் கேட்டது பணக் கணக்கு. எனக்கு அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. பயிரிலிருந்து எடுக்கும் எரிசாராயமான எத்தனாலை எல்லோரும் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் என்கிறார்கள். வருடா வருடம் விளைகிறது என்பதால் வந்த பெயர் அது. விளைவதற்கு மண்ணிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் எடுத்தது திரும்ப ஊறுகிறதா, எடுத்த எரிபொருளைவிடப் போட்ட எரிபொருள் குறைவா, அந்த நிலத்தில் விளையாமல் போன சாப்பாடு எங்கே விளைகிறது என்றெல்லாம் அந்தப் பெயர் கேட்பதில்லை. ஆகவே ஒவ்வொரு வழியையும் ஒரே அளவில், ஒரு ஏக்கர் கணக்கில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் நாடு நிற்கும் இடம். 2018இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030க்குள் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்க வேண்டும் என்றது. பின்னர் அந்த இலக்கை 2025-26க்கு முன்னே இழுத்தார்கள். 2022 ஜூனில் 10 விழுக்காட்டைத் தொட்டோம். 2025இல் 20 விழுக்காடும் வந்துவிட்டது. ஓர் எரிபொருள் மாற்றத்துக்கு இது நல்ல வேகம். கச்சா எண்ணெய் வாங்கும் அந்நியச் செலாவணி மிச்சம், ஆலைகளுக்குக் கையில் காசு என்று இதற்கு உண்மையான பலன்களும் உண்டு. கரும்பு வெட்டி அனுப்பிவிட்டு இரண்டு பருவம் பணத்துக்குக் காத்திருந்த வீட்டில் வளர்ந்தவன் நான். சர்க்கரை விற்றுத்தான் ஆலை பணம் தர வேண்டும் என்ற நிலை மாறியதை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

கரும்பு: எந்தக் கிணற்றுக் கரும்பு?

தமிழ்நாட்டுக் கரும்பு மகசூல் நாட்டிலேயே நல்ல மகசூல்களில் ஒன்று. ஏக்கருக்குச் சராசரியாக 40 டன் வைத்துக்கொள்ளலாம். சாற்றைச் சர்க்கரையாக்காமல் நேரே புளிக்க வைத்தால் டன்னுக்கு 70 லிட்டர் எத்தனால் கிடைக்கும். ஏக்கருக்கு 2,800 லிட்டர். எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் இருக்கிறது. பெட்ரோலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் இதில் 10 கிலோமீட்டர் ஓடும். ஆக ஒரு ஏக்கர் கரும்பு ஒரு வருடத்தில் தருவது 28,000 கிலோமீட்டர் கார் ஓட்டம்.

இந்தப் பயிருக்கு நல்ல பெயர் வந்தது பிரேசிலால். 1975இலேயே எத்தனால் திட்டம் தொடங்கிய நாடு அது. 2025 ஆகஸ்டிலிருந்து அங்கே பெட்ரோலில் 30 விழுக்காடு எத்தனால். சாவ் பாவ்லோ பக்கத்துக் கரும்பு பெரும்பாலும் மழையிலேயே விளைகிறது. ஆலைக்கு வேண்டிய நீராவியைச் சக்கையே தருகிறது. எத்தனால் வடிக்கும் ஆலையான வடிப்பாலையின் கழிவுநீர் திரும்ப வயலுக்கே உரமாகப் போகிறது. அதனால் உள்ளே போடும் ஒரு பங்கு புதைபடிவ ஆற்றலுக்கு எட்டுப் பங்கு அளவுக்கு எரிபொருள் வெளியே வருகிறது என்று கணக்கிட்டார்கள். மேய்ச்சல் நிலத்தைக் கரும்பு பிடித்துக்கொள்ள, மாடுகள் காட்டை நோக்கித் தள்ளப்பட்டன என்ற குறை அங்கும் இருக்கிறது. ஆனாலும் ஆற்றல் கணக்கில் பிரேசில் கரும்பு தேறுகிறது.

அந்தக் கணக்கை அப்படியே தூக்கி எங்கள் வயலில் வைக்க முடியாது. கரும்புக்கு வருடத்துக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு ஏக்கருக்கு 81 லட்சம் லிட்டர். 2,800 லிட்டர் எத்தனாலுக்குப் பிரித்தால் லிட்டருக்கு 2,890 லிட்டர் தண்ணீர். எத்தனால் கலப்புக்கு வழிகாட்டி எழுதிய நிதி ஆயோக் குழுவே 2021இல் தன் அறிக்கையில் சொன்ன எண் 2,860. இலக்கை வகுத்தவர்களே எழுதி வைத்த எண் என்பதால் இதை யாரும் எதிர்க்கட்சிப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

எங்கள் பக்கம் மழையில் பயிருக்குப் பயன்படுவது 600 மில்லிமீட்டர் என்று தாராளமாகவே வைப்போம். மீதி 1,400 மில்லிமீட்டரை இறைக்க வேண்டும். ஏக்கருக்கு 57 லட்சம் லிட்டர். இதை 500 அடியிலிருந்து மேலே தூக்க, நம்மூர் மோட்டார்கள் 40 விழுக்காடு திறனோடு ஓடுவதாக வைத்தால், ஏறத்தாழ 5,800 யூனிட் மின்சாரம் செலவாகிறது. விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் இந்த எண் எந்த ரசீதிலும் வருவதில்லை. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்துதான். யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. 5,800 யூனிட்டுக்கு நான்கு டன்னுக்கு மேல். அதை 2,800 லிட்டருக்குப் பிரித்தால் எத்தனால் லிட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. ஒரு லிட்டர் எத்தனால் எவ்வளவு பெட்ரோலை மிச்சப்படுத்துகிறதோ, அந்தப் பெட்ரோலை எரித்தால் வரும் புகையும் ஒன்றரைக் கிலோதான். தண்ணீர் இறைத்ததிலேயே லாபம் முழுவதும் கரைந்துவிட்டது. இன்னும் உரம் வரவில்லை.

இதே ஏக்கருக்குத் தாத்தாவின் நாற்பதடிக் கிணற்றிலிருந்து இறைத்திருந்தால் 470 யூனிட் போதும். அப்போது இறைப்புக்கு லிட்டருக்கு நூறு கிராம் சொச்சம்தான் வருகிறது. பிரேசில் அளவுக்கு இல்லாவிட்டாலும் கணக்கு தேறிவிடும். ஒரே மண், ஒரே கரணை, ஒரே ஆலை. கிணறு இறங்கியது ஒன்றுதான் வேறுபாடு. கரும்பு எத்தனால் புதுப்பிக்கத்தக்கதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை என்று எனக்குப் பட்டது இந்த இடத்தில்தான்.

இந்தக் கணக்கைப் போட்டபோது என்னைத் திடுக்கிட வைத்தது இன்னொன்று. மின்சாரக் கார், சார்ஜ் ஏற்றும்போது போகும் சேதாரத்தையும் சேர்த்து, யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் ஓடும். கரும்புக்குத் தண்ணீர் இறைக்கச் செலவான 5,800 யூனிட்டை நேரே காரில் ஏற்றியிருந்தால் 34,800 கிலோமீட்டர் ஓடியிருக்கும். அந்தக் கரும்பிலிருந்து வந்த எத்தனால் ஓட்டியது 28,000. சக்கையை எரித்து ஆலை மின்வாரியத்துக்கு விற்கும் மின்சாரத்தை வரவு வைக்க வேண்டாமா என்று கேட்பது நியாயம்தான். இறைப்புச் செலவில் பாதி அளவு அப்படித் திரும்பலாம். வடிப்பாலை ஓடும் ஆலையில் நீராவி அதற்கும் பங்கிடப்படுவதால் விற்க மிஞ்சுவது குறையும். தண்ணீருக்கோ எந்த வரவும் இல்லை. சூரிய மோட்டார் வைத்துவிட்டால் புகைக் கணக்கு சரியாகும். ஆனால் பகல் முழுவதும் செலவில்லாமல் ஓடும் மோட்டார் 500 அடியை 700 அடியாக்கும் என்பதே என் பயம்.

உரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரும்புக்குப் பரிந்துரை ஹெக்டேருக்கு 300 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), ஏக்கருக்கு 120 கிலோ. யூரியா என்பது எரிவாயுவில் செய்த பொருள். வயலில் போட்ட தழைச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகிறது. அது கரியமில வாயுவைப் போல 270 மடங்கு சூடேற்றும். உற்பத்தியையும் சேர்த்து எத்தனால் லிட்டருக்குக் கால் கிலோவிலிருந்து முந்நூறு கிராம் வரை இதிலேயே வருகிறது.

வானமும் நம்மைக் கேட்டுக்கொண்டு பொழிவதில்லை. 2023 ஆகஸ்ட், 1901இலிருந்து பதிவான ஆகஸ்டுகளிலேயே வறண்டது. அந்த டிசம்பரில் சர்க்கரை தட்டுப்படும் என்று அஞ்சிய ஒன்றிய அரசு, கரும்புச் சாற்றிலிருந்து நேரடியாக எத்தனால் எடுப்பதற்குத் தடை போட்டது; சில நாளில் கொஞ்சம் தளர்த்தி, 2024 ஆகஸ்டில்தான் முழுவதும் நீக்கியது. கடன் வாங்கி வடிப்பாலை கட்டியவர்களுக்கு அது எவ்வளவு இடி என்று சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் அரசு செய்தது சரி. அரிசியும் சர்க்கரையும் பொய்க்கும் வருடத்தில் வண்டிக்கு ஊற்றுவதை நிறுத்தத்தான் வேண்டும்.

கழிவுப்பாகு: பேசப்படாத நல்ல வழி

சர்க்கரையை எடுத்த பிறகு எஞ்சும் கருத்த பாகு இருக்கிறதே, அதிலிருந்தும் எத்தனால் எடுக்கலாம். கரும்பு டன்னுக்குப் பத்துப் பதினோரு லிட்டர்தான் வரும். ஏக்கருக்கு 420 லிட்டர், கார் ஓட்டத்தில் 4,200 கிலோமீட்டர். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இதற்காக ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாக இறைக்கவில்லை, ஒரு சென்ட் நிலம் கூடுதலாகப் பிடிக்கவில்லை, யார் டம்ளரிலிருந்தும் சர்க்கரையை எடுக்கவில்லை. சர்க்கரைக்காக எப்படியும் விளைந்த கரும்பு அது. நாடு ஐந்து விழுக்காட்டுக்குக் கீழே இருந்த காலத்தில் பெருமளவு இந்தப் பாகிலிருந்துதான் எத்தனால் வந்தது. அந்த எத்தனாலைப் புதுப்பிக்கத்தக்கது என்று நான் தயங்காமல் சொல்வேன். இருபது விழுக்காடு என்று இலக்கை ஏற்றியதும் பாகு போதவில்லை. சாற்றுக்கும் தானியத்துக்கும் கை நீண்டது.

மக்காச்சோளம்: தண்ணீரில் தேறுகிறது, தட்டில் இடிக்கிறது

எண்ணெய் நிறுவனங்கள் 2024-25 வழங்கல் ஆண்டில் மக்காச்சோள எத்தனாலுக்குக் கொடுத்த விலை லிட்டருக்கு 71.86 ரூபாய். கரும்புச்சாற்று எத்தனாலுக்கு 65.61, கடைசிக் கழிவுப்பாகு எத்தனாலுக்கு 57.97. எந்தப் பயிரை அரசு முன்னுக்குத் தள்ளியது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். காரணமும் தெளிவு: கரும்பின் தண்ணீர்த் தாகத்திலிருந்து தப்ப வேண்டும்.

தப்புவது உண்மைதான். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் புரட்டாசிப் பட்டத்தில் மானாவாரியாக விதைத்தால் வடகிழக்குப் பருவமழையே பெரும்பாலும் பயிரைக் கரைசேர்க்கும். இறவையில், அதாவது கிணற்றுப் பாசனத்தில், நல்ல வீரிய ரகம் ஏக்கருக்கு மூன்று டன் தரும். டன்னுக்கு 380 லிட்டர். ஏக்கருக்கு 1,140 லிட்டர், 11,400 கிலோமீட்டர். கரும்பில் பாதிகூட இல்லைதான். ஆனால் இது நான்கு மாதப் பயிர். மீதி மாதங்களுக்கு உளுந்தோ எள்ளோ போடலாம். இறவையே என்றாலும் தேவை 500 மில்லிமீட்டர், கரும்பில் கால் பங்கு. படைப்புழு 2018இல் வந்ததிலிருந்து மருந்துச் செலவு ஏறியிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இடிப்பது வேறிடத்தில். கரும்பாலைக்குச் சக்கை இருக்கிறது. தானிய வடிப்பாலைக்கு அடுப்பெரிக்கச் சொந்தமாக எதுவும் இல்லை. உமி கிடைக்கும் இடத்தில் உமி, கிடைக்காத இடத்தில் நிலக்கரி. நிலக்கரியில் கொதிக்க வைத்த எத்தனால் பெட்ரோலைவிடப் பெரிதாகச் சுத்தம் என்று சொல்ல முடியாது. அமெரிக்கா இந்தப் பாதையில் நமக்கு இருபது வருடம் முன்னே போன நாடு. 2005இல் சட்டம் போட்டு 2007இல் விரிவாக்கினார்கள். தங்கள் மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 40 விழுக்காட்டை வடிப்பாலைக்கு அனுப்புகிறார்கள். இத்திட்டத்தால் புல்வெளிகள் உழப்பட்டதையும் உரம் கூடியதையும் சேர்த்துக் கணக்கிட்ட 2022ஆம் ஆண்டு ஆய்வொன்று, அந்த எத்தனாலின் புகைச்சுமை பெட்ரோலைவிடக் குறைவில்லை, 24 விழுக்காடு கூடவே இருக்கலாம் என்று முடித்தது. அந்த எண்ணை மறுத்துப் பேசும் ஆய்வாளர்கள் அங்கே உண்டு. 

அடுத்தது கோழி. முட்டைக்கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். நாமக்கல்லில் முட்டை விலைக்கும் பல்லடத்தில் கறிக்கோழி விலைக்கும் அடியில் இருப்பது சோள விலைதான். வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா, 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வாங்கும் நாடாக மாறியது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் போய்த் தீவனத்தை இறக்குமதி செய்தோம். சத்துணவில் பிள்ளைக்குக் கொடுக்கும் முட்டையோடு சம்பந்தப்பட்ட விஷயம் இது.

வடித்த பிறகு எஞ்சும் சக்கை தீவனமாகத் திரும்பி வருகிறது என்பது எதிர்வாதம். மூன்றில் ஒரு பங்கு எடை திரும்புவது உண்மை. அதில் புரதம் கூடுதல் என்பதால் சோயாப் புண்ணாக்குக்குப் பதிலாகக் கலக்கிறார்கள். மாவுச்சத்து எத்தனாலாகப் போய்விட்டதால் சோளம் தரும் எரிசக்தியை அது தராது. சோளத்தில் பூஞ்சை நச்சு இருந்தால் சக்கையில் அதுவும் மூன்று மடங்காகச் செறியும். மழைக்காலத்தில் களத்தில் காயவைத்த சோளத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கவலை புரியும்.

ஆக மக்காச்சோளத்துக்கு என் தீர்ப்பு நிபந்தனையோடுதான். மானாவாரியில் விளைந்து, உமியிலோ வேறு வேளாண் கழிவிலோ கொதித்து, தீவனத் தேவை போக மிஞ்சியதாக இருந்தால் சரி. மூன்றாவது நிபந்தனை 2024இல் நிறைவேறவில்லை.

அரிசி

இங்கே அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. ஏக்கருக்கு 2.4 டன் நெல், அதில் 1.6 டன் அரிசி, டன்னுக்கு 450 லிட்டர். மொத்தம் 720 லிட்டர். 1,200 மில்லிமீட்டர் தண்ணீரை அதில் பங்கிட்டால் லிட்டருக்கு 6,700 லிட்டருக்கு மேல். தண்ணீர் நிற்கும் வயலிலிருந்து எழும் மீத்தேன் தனி. 2023 ஜூலையில் வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்த அதே மாதத்தில் இந்திய உணவுக் கழகம் வடிப்பாலைகளுக்கு அரிசி கொடுப்பதையும் நிறுத்தியது. கிடங்கு நிரம்பியதும் மறுபடி திறந்தார்கள். 2025இல் கிலோ 22.50 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். கொள்முதல், போக்குவரத்து, கிடங்கு எல்லாம் சேர்த்து அரசுக்கு அடங்கும் விலை ஏறத்தாழ 40 ரூபாய். உடைந்ததும் கெட்டதும் எத்தனாலாகட்டும். அது நல்ல பயன். சாப்பிடத் தகுந்த அரிசியை நம்பி வடிப்பாலைகள் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. உபரி இருக்கிறதென்றால் பருப்புக்கும் எண்ணெய் வித்துக்கும் நிலத்தைத் திருப்ப வழி தேட வேண்டும். அவை இரண்டையும்தான் கப்பலில் வரவழைக்கிறோம்.

காட்டாமணக்கை மறந்துவிடக் கூடாது

உணவுப் பயிர் வேண்டாம், தரிசில் விளையும் எண்ணெய்ச் செடி போதும் என்ற யோசனை புதிதல்ல. 2003இல் திட்டக் குழுவின் அறிக்கை, 1.34 கோடி ஹெக்டேரில் காட்டாமணக்கு நடலாம் என்றது. தண்ணீர் வேண்டாம், ஆடு தின்னாது, டீசல் தரும் என்றார்கள். தமிழ்நாட்டிலும் நாற்றுப் பண்ணைகள் முளைத்தன, ஒப்பந்தச் சாகுபடி வந்தது. 2009 கொள்கை 2017க்குள் 20 விழுக்காடு என்று எழுதியது. டீசலில் உயிரி டீசலின் பங்கு ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் நட்ட உழவர்களிடம் போய் விசாரித்து 2010இல் வெளியான ஆய்வு காரணத்தைக் காட்டியது. தண்ணீர் விட்டும்கூட மகசூல் சொன்னதற்கு வெகு கீழே. தண்ணீர் விடாத செடி செத்துப்போகவில்லை, காய்க்கவுமில்லை. வறட்சியில் உயிர் பிழைப்பது வேறு, வறட்சியில் மகசூல் கொடுப்பது வேறு. நிலக்கடலைக்கும் தீவனத்துக்கும் இருந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது. சிறு உழவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். நம் ஊர்களில் தரிசு என்று ஏட்டில் எழுதிய நிலத்தில்தான் ஆடு மேய்கிறது, விறகு பொறுக்குகிறார்கள். அது யாருக்கும் பயன்படாத நிலம் என்று நினைப்பவர் அங்கே ஒரு நாள் நின்று பார்த்ததில்லை.

இந்தோனேசியாவின் பாமாயில் டீசல் இதற்கு மறுகோடி. அங்கே மகசூலுக்குக் குறைவில்லை. 2025இல் டீசலில் 40 விழுக்காடு கலக்கிறார்கள். ஆனால் தோட்டத்துக்காகக் காட்டை அழித்து, மக்கிய தாவரம் அடர்ந்த கரிச்சதுப்பு நிலத்தை வடித்துக் காயவிட்ட இடங்களில், மண் மட்டுமே கக்கும் கரியமில வாயுவின் கடன் பல பத்தாண்டு டீசல் சேமிப்பால் அடையாது. ஐரோப்பிய ஒன்றியம் இதனால்தான் 2030க்குள் பாமாயில் எரிபொருளைத் தன் கணக்கிலிருந்து விலக்கத் தீர்மானித்தது.

வைக்கோல்

அரியானாவின் பானிபட்டில் 2022 ஆகஸ்ட் 10இல் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலையைத் திறந்தார்கள். வருடத்துக்கு இரண்டு லட்சம் டன் வைக்கோல், மூன்று கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். முதலீடு 900 கோடி ரூபாய். தானிய வடிப்பாலையைவிடப் பல மடங்கு. நாரை உடைத்துச் சர்க்கரையாக்கும் வேலை கடினம் என்பதால்தான் இவ்வளவு செலவு. பஞ்சாபிலும் அரியானாவிலும் வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறார்கள், டெல்லி மூச்சுத் திணறுகிறது. அங்கே இது இரட்டைப் பலன்.

அதைப் பார்த்துக் காவிரிப் படுகையிலும் ஒன்று கட்டலாமே என்று யாராவது சொன்னால் நான் கேட்பது: மாட்டுக்கு என்ன போடுவது? நம் ஊரில் வைக்கோல் கழிவல்ல. கட்டு விலை பேசி லாரியில் ஏறும் பண்டம். இங்கே கழிவு என்று சொல்லத் தக்கது கரும்பின் காய்ந்த இலையான சோகை. வெட்டு முடிந்ததும், வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் கட்டைப் பயிருக்கு வழிவிட அதைத்தான் கொளுத்துகிறோம். அதையும் பொடியாக்கி வயலிலேயே மூடாக்காக விட்டால் தண்ணீர் மிச்சமாகும். ஆலைக்கு அனுப்பும் முன் மண்ணைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெயில்

ஒரு மெகாவாட் சூரியப் பலகைக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் வருடத்துக்குச் சுமார் 15 லட்சம் யூனிட். ஏக்கருக்கு மூன்று லட்சம். மின்சாரக் காரில் 18 லட்சம் கிலோமீட்டர். கரும்பின் 28,000உடன் ஒப்பிட்டால் அறுபது மடங்குக்கு மேல். கணக்கில் பிழையிருக்குமோ என்று நான் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். காரணம் எளிது: இலை வெயிலில் நூற்றுக்கு ஒரு பங்கைத் தேக்கி வைப்பதே பெரிது, பலகை இருபது பங்கைப் பிடிக்கிறது. போதாக்குறைக்கு எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் முக்கால் பங்கைச் சூடாக வெளியே விடுகிறது.

இதனால் வயலெல்லாம் பலகை நட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அறுபது மடங்கு என்பதன் பொருளே, அறுபது ஏக்கர் கரும்பு செய்யும் வேலையை ஒரு ஏக்கர் கூரையும் ஏரிக்கரையும் செய்துவிடும் என்பதுதான். குத்தகைக்குப் போன நிலத்தில் களையெடுக்கவும் கட்டு கட்டவும் ஆள் வேண்டாம். உழவருக்கு வாடகை வரும், கூலிக்காரருக்கு ஒன்றும் வராது. ஊருக்குள் இதைப் பேசாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

எத்தனாலை ஆதரிப்பவர்கள், எல்லாரும் உடனே மின்சார வண்டி வாங்கிவிட முடியுமா என்கிறார்கள். 2014இல் வெளியான நாடளாவிய கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் 60 விழுக்காட்டுக்கு மேல் இருசக்கர வண்டிகளுக்கே போகிறது. மின்சாரத்துக்கு மாற்ற மிக எளிது அந்த வண்டிதான். வீட்டுப் பிளக்கில் செருகினால் போதும். இன்று கையிலிருக்கும் பழைய வண்டி, இருபது விழுக்காட்டுக் கலப்பில் மைலேஜ் குறைகிறது என்று ஆதங்கப்படுவதும் பொய்யில்லை. பழைய கலப்புக்கு என்று செய்த கார்களில் ஆறேழு விழுக்காடும் இருசக்கர வண்டிகளில் மூன்று நான்கு விழுக்காடும் குறையும் என்று நிதி ஆயோக் அறிக்கையே சொல்லியிருக்கிறது. எத்தனால் உண்மையில் தேவைப்படும் இடம், மின்கலத்தால் தூக்க முடியாத விமானம் போன்றவை. கழிவுப்பாகும் கெட்ட தானியமும் வைக்கோலும் தரும் எத்தனாலை அதற்கு ஒதுக்கி வைப்பது புத்திசாலித்தனம்.

சித்தப்பாவுக்குச் சொன்னது

"சித்தப்பா, உங்க போர் எத்தனை அடின்னு முதல்ல யோசிங்க. ஏரிப் பாசனம் இருந்தா கரும்பு ஊனுங்கன்னு நானே சொல்லுவேன். ஐநூறு அடிக்குக் கீழேயிருந்து எடுத்து ஊத்தி, அதைப் பெட்ரோல்ல கலந்து யாருக்கும் லாபமில்ல."

"ஆலைக்காரன் இப்ப காசு ஒழுங்காத் தர்றாம்பா."

"தருவாங்க. தண்ணி தருமா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். புதிதாகக் கரணை ஊன்றுவதில்லை. இருக்கும் கரும்பு கட்டைப் பயிரோடு முடியும், அதற்கும் சொட்டுநீர். புரட்டாசியில் இரண்டு ஏக்கர் மக்காச்சோளம், அறுத்ததும் உளுந்து. சோளத்தைக் கோழித் தீவன வியாபாரி கேட்டால் அவருக்கே முதலில். சோலார் குத்தகைக்கு இப்போது இல்லை. மோட்டார் கொட்டகைக் கூரையிலும் வீட்டு மாடியிலும் பலகை போட்டு, அவர் பேரன் வாங்கத் துடிக்கும் மின்சார ஸ்கூட்டரை அதில் ஓட்டலாம்.

அரசுக்குச் சொல்ல எனக்கு இருப்பதும் இதே கணக்குதான். எத்தனாலுக்கு விலை வைக்கும்போது பாகு, சாறு, சோளம், அரிசி என்று மூலப்பொருளை வைத்துப் பிரிக்கிறீர்கள். அதோடு எந்த ஃபிர்காவில் (சில ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி) விளைந்தது, அங்கே நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்படுகிறதா, வடிப்பாலையின் அடுப்பில் எரிவது நிலக்கரியா உமியா என்பதையும் சேர்த்து விலை வையுங்கள். நிலத்தடி நீர் மதிப்பீடு ஃபிர்கா வாரியாக உங்களிடமே இருக்கிறது. மானாவாரிச் சோளத்துக்கும் ஏரிப் பாசனக் கரும்புக்கும் நான்கு ரூபாய் கூடக் கொடுத்து, 500 அடிக் கரும்பின் சாற்றுக்கு அதைக் குறைத்தால், எங்கள் சித்தப்பா என்னைக் கேட்காமலே பயிரை மாற்றிவிடுவார்.